‘வேண்டாம்’ எங்கே இருக்கிறது? படக் கார்டும் டேப்லெட்டும், ஒன்றே முக்கால் வருஷத்துக்குப் பிறகு

காரைக்குடியில் ஜெராக்ஸ், லேமினேஷன், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக ஊரார் ரேஷன் கார்டையும் மார்க் ஷீட்டையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்த கை. எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பேன். பையனுக்காக ஆன்லைனில் வரவழைத்த படக் கார்டு செட்டைப் பிரித்த அன்றும் அப்படித்தான் பார்த்தேன். ஓரம் சரியில்லை.

பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எட்டு வயது, ஆட்டிசம். வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பி. வாயில் வரும் சொல் நாலைந்து. அதுவும் அவன் கூப்பிட்டால் வராது, அதற்குத் தோன்றினால் வரும். பசித்தால் நம் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அடுப்படியில் நிறுத்துவான். அதற்கு மேல் நாம்தான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்ட வேண்டும். தேன்குழலா, சீப்புச் சீடையா, மணகோலமா? ஆறாவது டப்பாவுக்குப் போவதற்குள் தலையைக் கதவு நிலையில் முட்ட ஆரம்பித்திருப்பான். மதுரையில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் மேடத்திடம் கூட்டிப்போனோம். “பேச்சு வர்றப்ப வரட்டும் சார். அதுவரைக்கும் அவன் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு இருக்கா என்ன?” என்றார். வாயால் சொல்ல முடியாததைப் படத்தைக் கொடுத்துச் சொல்லும் இந்தக் கார்டு விவகாரம் அங்கே ஆரம்பித்தது.

முதலில் வாங்கிய செட் 1,850 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். 200 கார்டு, படங்கள் பளிச்சென்று இருந்தன, அட்டையும் நல்ல கனம். ஆனால் லேமினேட் பண்ணிவிட்டுக் காகித ஓரத்தோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். தொழில் தெரிந்தவன் இதைச் செய்ய மாட்டான். காகிதத்தைச் சுற்றி மூன்று மில்லிமீட்டராவது பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிடக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் உள்ளே போகாது. தம்பி எல்லாவற்றையும் முதலில் கடித்துப் பார்ப்பவன். பத்தே நாளில் கார்டுகள் மழையில் நனைந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி ஊதிக்கொண்டன. நான்கு மூலையும் கூர் வேறு. பளபளப்பு லேமினேஷன் என்பதால் டியூப்லைட் வெளிச்சம் அதில் கோடாக விழும். அவன் கார்டைச் சாய்த்துச் சாய்த்து அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டிருப்பான். படத்தை யார் பார்த்தது?

படங்களும் நம் வீட்டுக்கு ஆகாதவை. பனிமனிதன் இருக்கிறான், பான்கேக் இருக்கிறது, பணியாரம் இல்லை. பாட்டி என்று ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாருடா, நானா?” என்று கேட்டார்.

ஆக, நானே போட்டேன். ஐந்து சென்டிமீட்டர் சதுரம், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, 125 மைக்ரான் லேமினேஷன் பவுச். பளபளப்பு இல்லாத மேட். மூலையை கார்னர் கட்டர் வைத்து உருட்டிவிட்டேன். பின்னால் வெல்க்ரோ. அதில் ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும். கார்டில் பஞ்சுப் பக்கம், கார்டுகளை ஒட்டிவைக்கும் பைலில் சொரசொரப்பு. முதலில் மாற்றி ஒட்டிவிட்டேன். தம்பி சொரசொரப்பைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்து அது சிவந்துபோனதால் எல்லாவற்றையும் பிய்த்து மறுபடி ஒட்டினேன். தண்ணி, பணியாரம், தூக்குச் சட்டி, அப்பத்தா, அக்கா, என் ஸ்கூட்டி எல்லாம் நாங்களே போனில் எடுத்த படங்கள், பின்புலம் வெள்ளையாக. ‘போ’, ‘நிறுத்து’, ‘உதவி’ மாதிரி போட்டோ எடுக்க முடியாதவற்றுக்கு அராசாக் படங்கள். ஸ்பெயின் நாட்டில் அராகோன் மாநில அரசு ஆயிரக்கணக்கான படக்குறிகளை வரைய வைத்து இலவசமாகக் கொடுக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. கடைக்காரனான எனக்கு அது உறுத்தும் என்பதால், வேறு பெற்றோர் யாராவது அந்தப் படங்களோடு வந்தால் பவுச் வாங்கிய விலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கார்டு ரெடி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் முதல் மூன்று வாரம் கோட்டை விட்டோம்.

மேடம் சொல்லிக்கொடுத்தது பெக்ஸ் என்னும் முறை. 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது, ஆறு படிகள் கொண்டது. குழந்தை படத்தை எடுத்து நம் கையில் கொடுக்க வேண்டும், நாம் உடனே அந்தப் பொருளைக் கொடுக்க வேண்டும். முதல் படிக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும்: பொருளை வைத்துக்கொண்டு எதிரே ஒருவர், பையனின் முதுகுக்குப் பின்னால் ஒருவர். பின்னால் இருப்பவர் வாய் திறக்காமல் அவன் கையை எடுத்துக் கார்டைக் கொடுக்க வைத்துவிட்டு, நாளாக ஆக அந்த உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எதிரே இருப்பவர் ‘என்ன வேணும்?’ என்று கேட்கவே கூடாது. கேட்டுக் கேட்டுக் கொடுக்கப் பழக்கினால், கேட்காவிட்டால் கொடுக்க மாட்டான். தானாகத் தொடங்குவது என்ற விஷயமே போய்விடும்.

எங்கள் வீட்டில் ‘என்ன வேணும்’ என்று கேட்காமல் ஒரு ஆளை உட்கார வைப்பது நடக்கிற காரியமா? வீட்டுக்கு வந்தவரை இரண்டு பேர் கேட்பார்கள், மூன்றாவது ஆள் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். என் மனைவி உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு பணியாரத் தட்டோடு உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். இருபத்திரண்டாவது நாள் சாயங்காலம், பின்னால் நான் இல்லை, போனை எடுக்க எழுந்து போயிருந்தேன். வெல்க்ரோ பிரியும் ‘கர்ர்’ சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவனாகப் பணியாரக் கார்டைப் பிய்த்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடித்து மூடிக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பதினோரு பணியாரம். ராத்திரி வயிற்றுவலி, அது வேறு கதை.

அந்தச் சத்தம் இப்போது வீட்டில் காலிங்பெல் மாதிரி. கேட்டால் யாராவது ஒருவர் எழுந்துவிடுவோம்.

இனி வருவது எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது. நாலாவது படியில் ஒரு நீளப் பட்டையில் கார்டுகளை வரிசையாக ஒட்டி வாக்கியம் ஆக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘எனக்கு வேணும்’ என்பது ஒரே கார்டு, அது முன்னால், பொருள் பின்னால். அதை அப்படியே அடித்துக் கொடுத்த ஒரு மாதிரிப் பட்டையை வைத்து ‘வேணும் பணியாரம்’ என்று பழக்கிக்கொண்டிருந்தோம். நாம் யாராவது அப்படிப் பேசுகிறோமா? ‘வேணும்’ கடைசியில் வர வேண்டியது. மேடத்திடம் சொன்னேன், உடனே சரி என்றார். பணியாரம் முன்னால், வேணும் பின்னால் என்று பட்டையைத் திருப்பிப் போட்டேன். இதில் ஒரு லாபமும் வந்தது. கடைசிக் கட்டத்தில் வேறு கார்டு வைத்தால் வாக்கியமே மாறிவிடும்: பணியாரம் வேணும், பணியாரம் வேண்டாம், பணியாரம் இல்லை, பணியாரம் சுடுது.

‘வேண்டாம்’தான் இந்த மதிப்புரைக்கே காரணம். வாங்கிய செட்டில் மறுப்புக்கு ஒரே கார்டு இருந்தது: ஆங்கிலத்தில் ‘நோ’, கீழே தமிழில் ‘இல்லை’. டப்பா காலி என்றாலும் நோ, சாப்பிட மாட்டேன் என்றாலும் நோ, தொடாதே என்றாலும் நோ என்பது அவர்களுக்குச் சரி. தமிழில் இல்லை வேறு, வேண்டாம் வேறு, மாட்டேன் வேறு, கூடாது வேறு. ‘இல்லை’ கார்டைக் காட்டி, தம்பி தோசையைத் தள்ளிவிடுவான். அவன் அக்கா, “இருக்குடா, பாரு, தட்டுல இருக்கு” என்று விளக்கிக்கொண்டிருப்பாள். அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ‘வேண்டாம்’ என்று தனியாக, சிவப்பில், உள்ளங்கை விரித்த படத்தோடு அடித்துக் கொடுத்தேன்.

முதல் ‘வேண்டாம்’ எங்கள் அம்மாவுக்குத்தான் கிடைத்தது. சனிக்கிழமை காலை, முற்றத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூப்பிட்டார். எண்ணெய் என்றால் அவனுக்கு ஆகாது. இத்தனை வருஷமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அலறலோடுதான் குளியல். அன்றைக்கு ஓடவில்லை. பைலைத் திறந்தான், கர்ர், சிவப்புக் கார்டை அப்பத்தாவின் கையில் எண்ணெயோடு எண்ணெயாக வைத்தான். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இதுக்குத்தான் உக்காந்து அடிச்சுக் குடுத்தியாக்கும்?” சொன்னாரே தவிர கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மேடம் முன்பே சொல்லியிருந்தார்: ஆரம்பத்தில் அந்தக் கார்டுக்கு மதிப்புக் கொடுக்காவிட்டால் அப்புறம் எடுக்கவே மாட்டான், மறுபடி தலையைத்தான் முட்டுவான். மாத்திரை மாதிரி விட முடியாதவற்றுக்கு ‘வேண்டாம்’ செல்லாது என்பதை மட்டும் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. அது இன்னும் முழுதாக முடியவில்லை.

இனி டேப்லெட். ஒரு வருஷத்துக்கு முன் வாங்கினோம். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் செயலி அதில் இருக்கிறது. அதன் பெயரை எழுதவில்லை. ஒன்றைத்தான் முழுதாகப் பழகியிருக்கிறேன், ஒன்றை வைத்துத் தராசு பிடிக்க முடியாது. தேடுபவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன், எங்களுடையது இரண்டுமில்லை. ஆவாஸ் சென்னையில் பிறந்தது. அஜித் நாராயணன் என்ற பொறியாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் துணையோடு உருவாக்கியது. முதலில் தனிக் கருவியாக இருந்து பிறகு செயலியானது, 2010இல் தேசிய விருது பெற்றது. ஜெல்லோ மும்பை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்தது, இலவசம்.

எங்கள் செயலியின் குரல் செய்தி வாசிப்பவர் குரல். தம்பி தண்ணீர்ப் படத்தைத் தொட்டால், “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று ஒரு அம்மணி கணீரென்று அறிவிப்பார். வீட்டில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை, எட்டு வயதுப் பையன் பேசவே மாட்டான். சொந்தக் குரலைப் பதிவு பண்ணும் வசதி இருந்ததால் பிழைத்தோம். என் தங்கை மகனுக்கு ஒன்பது வயது, தேவகோட்டையில் இருக்கிறான். லீவில் வந்தவனைக் கடைக்குள் உட்கார வைத்து 140 சொற்கள் பேச வைத்தேன். கூலி, குச்சி ஐஸ் மூன்று. ‘பணியாரம்’ சொல்லும்போது நடுவில் சிரித்துவிட்டான். மறுபடி எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். இப்போது தம்பி அந்தச் சிரிப்புக்காகவே பணியாரத்தைத் தொடுகிறான். வயிறு நிறைந்திருக்கும்போதும் தொடுகிறான். வேண்டியது பணியாரமா சிரிப்பா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

வேற்றுமை உருபு அடுத்த தொல்லை. அப்பா, கடை, போ என்று மூன்றையும் தொட்டால், “அப்பா கடை போ” என்று வருகிறது. ஒரு மத்தியானம் இது ஐந்து தடவை வந்தது. சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நான், கிளம்பச் சொல்கிறான் போலிருக்கிறது என்று செருப்பை மாட்டினேன். அவன் என்னோடு கடைக்கு வரக் கேட்டிருக்கிறான். நான் தெரு முனை தாண்டுவதற்குள் வீட்டிலிருந்து அலறல். அன்று ராத்திரியே ‘கடைக்கு’, ‘வீட்டுக்கு’, ‘அப்பத்தாகிட்ட’ என்று உருபோடு சேர்த்தே பொத்தான் போட்டேன்.

‘வேண்டாம்’ இதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. உணர்வுகள், அதற்குள் பதில்கள், அதற்குள் வேண்டாம். மூன்று தொடுதல். காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் பிள்ளை மூன்று தொடுதல் தொடுமா? எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கீழே வலது மூலையில் அது இருக்கும்படி மாற்றினேன். புதிதாக வாங்கப்போகிறவர்கள் கடைக்காரரிடமோ தெரபிஸ்டிடமோ முதலில் இதைக் கேளுங்கள். எத்தனை ஆயிரம் படம் என்று அப்புறம் கேட்கலாம்.

மாற்றியது மாற்றியதாக இருக்க வேண்டும், அதிலும் ஒரு அடி பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படங்கள் கன்னாபின்னாவென்று கிடப்பதாகத் தோன்றி, சாப்பாடெல்லாம் ஒரு வரிசை, ஆட்களெல்லாம் ஒரு வரிசை என்று அடுக்கினேன். டி.டி.பி. புத்தி. மறுநாள் தம்பி அப்பத்தா இருந்த இடத்தைத் தொட, ‘இட்லி’ என்றது. இன்னொரு தடவை தொட்டான், இட்லி. டேப்லெட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஆத்தங்குடித் தரைக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான். என்னைப் போன்றவனுக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். தட்டச்சு அடிக்கும்போது என் கண் கீபோர்டைப் பார்ப்பதில்லை, விரலுக்கு இடம் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக யாராவது எழுத்துகளை அகர வரிசையில் அழகாக அடுக்கிவைத்தால் மறுநாள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். பழையபடி மாற்றிக் கொடுத்தும், அவன் அதை நம்பித் தொட ஒரு வாரம் ஆயிற்று.

“படத்தையே காட்டிக்கிட்டிருந்தா வாய் எப்படித் தெறக்கும்?” என்பது எங்கள் அம்மாவின் கேள்வி, வருகிற உறவெல்லாம் கேட்ட கேள்வியும் அதுதான். மேடம் ஒரு ஆய்வைச் சொன்னார்: 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூவர், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சலித்தபோது, நம்பத்தகுந்த சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது, பெரும்பாலும் கொஞ்சமாக. அம்மாவுக்கு 27, 89 எல்லாம் ஏறவில்லை. அவரை மாற்றியது காபி. நாமும் கார்டைத் தொட்டுக்கொண்டே பேச வேண்டும், அவனிடம் பதில் எதிர்பார்க்காமல் பேச வேண்டும் என்று மேடம் சொன்னதை எங்களில் ஒழுங்காகச் செய்தவர் அம்மா ஒருவர்தான். “அப்பத்தாவுக்குக் காப்பி வேணும்” என்று மூன்று கார்டையும் தொட்டுச் சொல்வார், தினம் நாலு தரம், நாலு தரமும் காபி வரும். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தம்பி அவர் டம்ளரைப் பார்த்து “காப்பி” என்றான். தெளிவாக இல்லை, ‘ஆப்பி’ மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு உறவுக்காரர் யாராவது பழைய கேள்வியைக் கேட்டால் பதில் சொல்வது அம்மாதான்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் அடிக்க வைத்து, ‘உள்ளே எவ்வளவு யோசிக்கிறான் பாருங்கள்’ என்று காட்டும் இடங்கள் உண்டு. எங்களையும் ஒருவர் அழைத்தார். கேட்க ஆசையாகத்தான் இருந்தது, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. 1990களில் இதைச் சோதித்தார்கள். கை பிடிப்பவருக்கு ஒரு படம், பிள்ளைக்கு வேறு படம் காட்டினால், பலகையில் வந்த பதில் கை பிடித்தவர் பார்த்த படமாக இருந்தது. அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் 2018இல் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது. பெக்ஸில் பின்னால் இருப்பவர் கையை விலக்கிக்கொண்டே வருவது எதற்கு என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

பள்ளியில் ஒரு சண்டை. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். டேப்லெட் விளையாட்டுச் சாமான், வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும் என்றார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள தொடர்பு முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்சடித்து, ஓரம் விட்டு லேமினேட் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது யூடியூப் பக்கம் போக முடியாதபடி செயலியைப் பூட்டிவைத்து அனுப்புகிறோம். ஆசிரியை ஒருவர் நன்றாகவே பழகிக்கொண்டார்.

டேப்லெட் வந்ததும் கார்டுகளைப் பரண்மேல் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். மத்தியான வெயிலில் திரை தெரியாது. ஊருணிப் படிக்கட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சார்ஜ் தீரும். விசேஷ வீட்டுக் கூட்டத்தில் சத்தம் கேட்காது.

விசேஷ வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். மேளச் சத்தத்துக்கு அவன் ‘வெளியே’ கார்டைக் கொடுத்ததால் முகப்புத் திண்ணையிலேயே உட்கார வைத்து, கடைசிப் பந்திக்குக் கூட்டிப்போனோம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இலை போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் பால் பணியார வாளியோடு வந்தார். கேட்காமலே இரண்டு வைத்தார். தம்பி சாப்பிட்டான். மறுபடி வந்து இரண்டு வைத்தார். மூன்றாம் தடவை கரண்டி இலைக்கு நேரே இறங்கும்போது தம்பி, எங்கள் யார் பக்கமும் திரும்பாமல், இடுப்பில் தொங்கும் சின்னப் பையிலிருந்து சிவப்புக் கார்டை எடுத்து அந்த மனிதரிடம் நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்தார். “போதுமா தம்பி? சரி சரி” என்று சொல்லி, கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகப் புதிதாக ஒரு ‘வேண்டாம்’ அடித்து, பவுச்சில் போட்டு, மூலையை உருட்டினேன். மற்ற கார்டெல்லாம் இன்னும் முதல் அச்சுதான். இது மட்டும் ஏழாவது.